சந்தனப் பேரினத்தின் பசுங்கணிக மரபணுத்தொகை

கர்நாடக எல்லையருகே ஓசூரை ஒட்டிய ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் தானாக வளரும் சந்தனம், சான்டலம் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியா, பிஜி, ஹவாய் ஆகிய இடங்களில் வளரும் சந்தனங்களும் இதே பேரினத்தவை. பார்வைக்கு நெருங்கிய இந்த இனங்களின் உறவைக் கணிக்க, இலைச் செல்லின் பசுங்கணிகத்திலுள்ள டிஎன்ஏ பெரிதும் உதவுகிறது. பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் அது தாய்வழியே இறங்கி, மெதுவாகவே மாறுகிறது.

1986இல் முழுமையாகப் படிக்கப்பட்ட புகையிலையின் பசுங்கணிக மரபணுத்தொகை ஏறத்தாழ 1,56,000 கார இணைகள் கொண்டது. சந்தனத்தினுடையதோ சுமார் 1,44,000 மட்டுமே. சந்தனத்தின் வாழ்முறையோடு இது பொருந்துகிறது: அது பகுதி ஒட்டுண்ணி. அதன் வேர்கள் அண்டை மரங்களின் வேர்களைப் பற்றி நீரும் உப்பும் உறிஞ்சும். நாற்றங்காலில் துணைக்குத் துவரை நடுவதும் இதனால்தான். பிற தாவரங்களின் பசுங்கணிகத்தில் பொதுவாக, ஒளிச்சேர்க்கைக்குத் துணைசெய்யும் 11 என்டிஎச் மரபணுக்கள் இருக்கும். சந்தனத்தில் இவை சிதைந்தோ மறைந்தோ போயின. ஆனால் ஒளிச்சேர்க்கைக்கு இன்றியமையாத மரபணுக்கள் நிலைத்துள்ளன. வேர் பிறரைச் சார்ந்தாலும் இலை தன் உணவைத் தானே சமைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பசுங்கணிகத்தின் ஒரு பகுதியையும் உட்கருவின் ரைபோசோம் பகுதிகளையும் ஒப்பிட்ட 2007ஆம் ஆண்டு ஆய்வு, பேரினம் ஆஸ்திரேலியாவில் தோன்றி, பறவைகள் வழியே குறைந்தது ஐந்து முறை கடல் கடந்ததாகக் கணித்தது.

கலப்பினங்களில் பசுங்கணிகம் தாயை மட்டுமே காட்டும். ஒரே இனத்துக்குள் வேறுபாடும் குறைவு. ஆகவே கலப்பினம் அல்லாதபோது, கடத்தலில் பிடிபட்ட கட்டை எந்த இனம் என்று சொல்ல அது போதும். ஆனால் ஜவளகிரி மரமா, கேரளத்தின் மறையூர் மரமா என்று பிரிக்க உட்கரு டிஎன்ஏவும் வேண்டும். சந்தனத்தின் உட்கரு மரபணுத்தொகை 2018இல் வெளியானது.

நில உடைமையாளருக்கே சந்தன மரத்தின் உரிமையைக் கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் அளித்தன. அதன்பின் தோட்டச் சாகுபடிக்கு வழி திறந்தது. நாற்றுகள் எல்லை தாண்டிக் கலப்பதற்குள், ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காட்டு மரங்களின் ஒப்பீட்டுக்கான டிஎன்ஏ சான்று மாதிரிகளை இரு மாநிலங்களும் சேர்ந்து திரட்டுவது அவசரம்.