தமிழில் பல்லூடகப் பாடங்கள்: எழுத்துருச் சிக்கல் முதல் ஃபிளாஷ் மறைவு வரை

எழுத்து, ஒலி, படம், அசைவூட்டம், காணொளி ஆகியவற்றை ஒன்றாக இணைத்துக் கணினியிலோ கைபேசியிலோ கற்கும்படி அமைக்கப்படும் பாடமே பல்லூடகப் பாடம். தமிழில் இத்தகைய பாடங்களை உருவாக்கும் முயற்சி 1990களின் இறுதியில் வேகம் பெற்றது. கருவிகளின் விலையும் இணைய வேகக் குறைவும் தடைகளாக இருந்தன என்பது உண்மை. ஆனால் அவை காலப்போக்கில் தாமாகவே குறைந்தன. குறையாமல் நின்ற தடை வேறு. ஒவ்வொரு காலத்திலும் உருவான பாடங்கள் அக்காலத்து எழுத்துருவோடும் மென்பொருளோடும் கட்டுண்டு, அவை வழக்கொழிந்தபோது தாமும் பயனற்றுப் போயின.

தமிழ் இணையப் பல்கலைக்கழகம்

1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் சென்னையில் நடைபெற்ற ‘தமிழ்நெட்99’ மாநாடு இவ்வரலாற்றில் முக்கியமானது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் இரு எழுத்துக் குறியீட்டு முறைகளும் அம்மாநாட்டின் விளைவாகவே தரப்படுத்தப்பட்டன. உலகெங்கும் வாழும் தமிழர்களுக்காக இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்று அமைக்கப்படும் என்று அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி அங்கு அறிவித்தார். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கப்பட்டது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த வா. செ. குழந்தைசாமி அதன் தலைவராகப் பொறுப்பேற்றார். இந்நிறுவனம் பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியது.

வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குழந்தைகளுக்கான மழலைக் கல்வி முதல் பட்டப்படிப்பு வரை அங்குப் பாடங்கள் உருவாயின. மழலைக் கல்விக்கு ஒலியும் படமும் இன்றியமையாதவை. வீட்டில் தமிழ் கேட்காத குழந்தைக்கு ‘ழ’கரத்தை எழுதிக் காட்டினால் மட்டும் போதாது. ஆனால் அன்று பலரிடம் இருந்தது தொலைபேசிவழி இணைப்பு. விநாடிக்கு 56 கிலோபிட் என்ற முழு வேகம் கிடைத்தால்கூட, 5 மெகாபைட் அளவுள்ள ஒரு சிறு காணொளியை இறக்க ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஆகும். எனவே படத்தைச் சுருக்குவதும் ஒலியின் தரத்தைக் குறைப்பதும் பாடம் எழுதுவதற்கு இணையான வேலையாக இருந்தன.

‘கொ’ என்ற எழுத்தின் சிக்கல்

பாடம் தயாரித்தவர்களை அதிகம் அலைக்கழித்தது எழுத்துரு. டாப் போன்ற 8 பிட் முறைகளில் 256 இடங்கள் உண்டு. முதற்பாதி ஆங்கிலத்துக்கு, மறுபாதி தமிழுக்கு. அங்கு ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டது. எந்த மென்பொருளும் அதை எளிதாகக் காட்டிவிடும். ஒரே நிபந்தனை, அந்த எழுத்துரு கணினியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ்ப் பாடம் முழுவதும் பொருளற்ற அயல் எழுத்துகளாகத் தெரியும்.

1991 முதலே தமிழுக்கு இடமளித்த ஒருங்குறி வேறு வழியில் இயங்குகிறது. அதில் மெய்யின் குறியீடு முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்தும் வேலை மென்பொருளுடையது. விண்டோஸ் 2000 அந்த வேலையைச் செய்தது. ஆனால் படத்தொகுப்பு, அச்சமைப்பு, அசைவூட்டம் ஆகியவற்றுக்கான மென்பொருள்களின் பழைய பதிப்புகள் பல அதைச் செய்யவில்லை. கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறின. இதனால் கட்டுரை எழுதுவோர் ஒருங்குறிக்கு மாறிய பின்னரும் பல்லூடகம் செய்வோர் பழைய எழுத்துருக்களையே தொடர வேண்டியிருந்தது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதே ஆணையில், ஒருங்குறி இயங்காத இடங்களுக்கென ‘டேஸ் 16’ என்ற மாற்று முறையும் இடம்பெற்றது. அரசே இரண்டு வழி வைக்க வேண்டியிருந்தது என்றால் சிக்கலின் அளவு புரியும்.

பலர் கண்ட குறுக்குவழி, எழுத்தையே படமாக மாற்றிவிடுவது. எங்கும் சரியாகத் தெரியும். ஆனால் அதில் எதையும் தேட முடியாது, நகலெடுக்க முடியாது. ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தவும் மூலக்கோப்பைத் தேடித் திறக்க வேண்டும். மூலக்கோப்பு தொலைந்திருந்தால் பிழையும் நிலைத்துவிடும்.

மாணவர்கள் தயாரிப்பாளர்களானபோது

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் கல்வியியல் இளநிலைப் படிப்பு இரண்டாண்டுகளாக நீண்டது. தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் பற்றிய தனிப் பயிற்சியும் அதன் கலைத்திட்டத்தில் இடம்பெற்றது. அதுவரை வல்லுநர் குழுவின் வேலையாக இருந்த மின்பாடத் தயாரிப்பு இப்போது மாணவர் ஒவ்வொருவரின் செய்முறை வேலையாகவும் ஆனது. உரை எழுதுவது, குரல் பதிவது, படம் சேர்ப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் ஒருவரே.

வீட்டுக் கணினியில் நன்றாக ஓடிய பாடம் கல்லூரிக் கணினியில் ஊமையாகிவிடும் விந்தையின் காரணம் எளியது. பவர்பாயிண்டின் 2010க்கு முந்தைய பதிப்புகளில் காணொளி கோப்புக்குள் பதிவதில்லை, அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே பதியும். எழுத்துருவும் உடன் செல்லாவிட்டால் ஒலியும் இல்லை, எழுத்தும் இல்லை.

எல்லைப் பகுதிகளில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அம்மொழிகளில் கற்பிக்கும் அரசுப் பள்ளிகளும் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி போன்ற பகுதிகளில் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களும் குடியேறியுள்ளன. அச்சுப் பாடநூலைச் சிறுபான்மை மொழிகளில் வெளியிடும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே உள்ளது. பல்லூடகப் பாடத்துக்கு அது எளிதன்று. படத்துக்குள் எழுத்து பதிந்துவிட்டால் மொழிக்கொரு படம் வரைய வேண்டும், குரலும் இசையும் ஒரே தடத்தில் கலந்துவிட்டால் முழு ஒலியையும் மீண்டும் பதிய வேண்டும். முதல் நாளே எழுத்தையும் குரலையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருந்தால் இந்த வேலை பாதியாகும். ஆனால் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் பாடத்தில் யாரும் அவ்வளவு தொலைவு நினைப்பதில்லை.

தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் 2018 முதல் விரைவுக் குறியீடுகள் அச்சாயின. 2019 ஆகஸ்ட் 26 அன்று, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து இயங்கும் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. மறு ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, திறன்பேசி இல்லாத வீடுகளுக்குப் பாடம் கொண்டுசென்ற வழிகளில் அதுவும் ஒன்று. தொலைக்காட்சிக்கு எழுத்துருச் சிக்கல் கிடையாது. கேள்வி கேட்கவும் வழி கிடையாது.

ஃபிளாஷ் நின்றபின்

இரண்டாயிரங்களில் அசைவூட்டப் பாடம் என்றாலே பெரும்பாலும் அடோபி ஃபிளாஷ்தான். அந்நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் கோப்புகள் ஓடாமல் தடுக்கப்பட்டன. இணையத்திலும் குறுவட்டுகளிலும் இருந்த எண்ணற்ற பாடங்கள் வெற்றுக் கட்டங்களாயின.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி டிஸ்கி முறையில் சேமித்தார்கள். அம்முறையும் வழக்கொழிந்தது. ஆனால் அவை வெறும் உரைக்கோப்புகள் என்பதால், சிறு நிரல் ஒன்றே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றப் போதுமாக இருந்தது. நூல்கள் இன்றும் வாசிக்கப்படுகின்றன.

ஃபிளாஷ் கோப்புகளைத் தற்கால உலாவிகளில் ஓடச் செய்யும் ‘ரஃபிள்’ என்ற திறமூலக் கருவியை இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர் முதல் பயன்படுத்திவருகிறது. கோப்பு கைவசம் உள்ள பழைய தமிழ்ப் பாடங்களையும் அதன்வழி ஓடவைத்துப் பார்க்கலாம். எனினும் அவற்றின் திரையில் தெரியும் தமிழ், பழைய எழுத்துருவின் துண்டுகளாகவோ படமாகவோ இருப்பதால், தேடுபொறியின் கண்ணில் இன்னும் படுவதில்லை.