சதீஷ் தவானின் இரு நிபந்தனைகள்

1971 டிசம்பர் 30 அன்று விக்ரம் சாராபாய் கோவளத்தில் காலமானபோது, இஸ்ரோ தொடங்கி இரண்டரை ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. தும்பாவிலிருந்து சிறிய ஆய்வு ராக்கெட்டுகள் பறந்துகொண்டிருந்தன. சொந்தமாகச் செயற்கைக்கோளும் இல்லை, ஏவுகலமும் இல்லை. எம்.ஜி.கே. மேனன் இடைக்காலப் பொறுப்பை ஏற்றார். கால்டெக்கில் இருந்த சதீஷ் தவானைத் தலைமையேற்குமாறு இந்திரா காந்தி அழைத்தார். தவான் இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தார்: இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகத் தாம் தொடர வேண்டும், தலைமையகம் பெங்களூரில் அமைய வேண்டும். இரண்டும் ஏற்கப்பட்டன.

இவற்றைத் தனிமனித வசதியாகக் காண்பது எளிது. ஆனால் 1972இல் உருவான அமைப்போடு சேர்த்து நோக்கினால் அவற்றின் பொருள் வேறாகத் தெரியும். விண்வெளி ஆணையத்தின் தலைவர், விண்வெளித் துறையின் செயலர், இஸ்ரோவின் தலைவர் ஆகிய மூன்று பொறுப்புகளும் ஒருவரிடமே இருந்தன. அவர் நேரடியாகப் பிரதமருக்குப் பதிலளித்தார். அன்றாட அலுவலோ டெல்லியின் கோப்பறைகளுக்கு அப்பால் நடந்தது. ஸ்புட்னிக் அதிர்ச்சியால் 1958இல் அமெரிக்கா நிறுவிய ஆர்ப்பாவில் திட்ட மேலாளர்கள் சில ஆண்டுகளில் மாறிவிடுவர். இங்கே தவான் 1984 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தார்.

அவர் பாய்ம இயக்கவியல் அறிஞர். ஏவுகலம் கட்டியவர் அல்லர். திருவனந்தபுரத்தை உலோகவியலாளர் பிரம்ம பிரகாஷிடமும், செயற்கைக்கோளை யு.ஆர். ராவிடமும் ஒப்படைத்தார். பீன்யா தொழிற்பேட்டையின் கொட்டகைகளில் உருவான ஆரியபட்டா, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் விண்ணேறியது. சில நாள்களிலேயே மின்வழங்கலில் கோளாறு நேர்ந்து, அதிலிருந்த அறிவியல் சோதனைகள் நின்றுபோயின. இருந்தும் அடுத்த செயற்கைக்கோள்களின் பணி தடைப்படவில்லை.

கடுஞ்சோதனை 1979 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த முதல் எஸ்.எல்.வி-3 வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்திருந்தது. கணினி ஏவுதலை நிறுத்திவைத்தபோது, வல்லுநர்களின் ஆலோசனைப்படி அதை மீறி ஏவ முடிவெடுத்தவர் தாமே எனப் பிற்காலத்தில் அப்துல் கலாம் பலமுறை கூறினார். ஆக, கைகாட்டுவதற்கு ஒருவர் தயாராகவே இருந்தார். செய்தியாளர்களை எதிர்கொண்டவரோ தவான். தோல்வியைத் தம் பொறுப்பில் ஏற்று, குழுவின்மீது தமக்குள்ள நம்பிக்கையை வெளியிட்டார். 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ எடையுள்ள ரோகிணி சுற்றுப்பாதையை அடைந்தபோது, செய்தியாளர்முன் கலாமை அனுப்பினார்.

இக்காட்சி பெரும்பாலும் கலாமின் நினைவுகூரல் வழியாகவே நம்மை வந்தடைகிறது. நன்றியின் சாயல் அதில் படிந்திருக்கலாம். எனினும் கலாம் திட்ட இயக்குநராகத் தொடர்ந்ததும், ஓராண்டுக்குள் அடுத்த கலம் ஏவுதளத்தில் நின்றதும் வெறும் நினைவுகள் அல்ல. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தைப் பற்றிய இன்றைய விவாதங்களில் நிதியின் அளவு பெறும் கவனத்தை, திட்டம் தோற்கும் நாளில் யார் முன்னே நிற்பார் என்ற கேள்வி பெறுவதில்லை.

தவான் விலகிய பின், ஏ.எஸ்.எல்.வி. 1987இலும் 1988இலும் அடுத்தடுத்துத் தோற்றது. அப்போது தலைவராக இருந்தவர் பீன்யா கொட்டகைகளில் ஆரியபட்டாவை உருவாக்கிய யு.ஆர். ராவ். அக்கலம் 1992 மே மாதத்தில் மூன்றாம் முறையாக ஏவப்பட்டு, சுற்றுப்பாதையை எட்டியது.