சக்கரத்துக்குச் சலங்கை

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போனவர். கார்கில், திராஸ் என்றெல்லாம் சொன்னால் இங்கே யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். ஆனால் லாரி டயருக்கு இரும்புச் சங்கிலி கட்டி ஓட்டினேன் என்றால் மட்டும் சிரிப்பார்கள். "ஏன் மாமா, எவனாவது வண்டியைத் திருடிக்கிட்டுப் போயிடுவான்னா?" என்றான் என் தங்கை மகன். அக்கினி நட்சத்திர வெயிலில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பனியைச் சொல்லி விளங்கவைக்க முடியுமா? எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஸ்டோர் ரிஜிஸ்டரில் அதற்கு 'நான்-ஸ்கிட் செயின்' என்று பெயர். எங்களுக்கு வெறும் செயின். ஏணியை வளைத்து டயருக்கு மாட்டிவிட்டது போலிருக்கும். இரண்டு பக்கமும் நீளச் சங்கிலி, நடுவில் படி போலக் குறுக்குச் சங்கிலிகள். பனியைக் கடிப்பது அந்தப் படிகள்தான்.

இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஹாரி வீட் என்ற அமெரிக்கர். நியூயார்க் மாநிலத்தில் கானஸ்டோட்டா என்ற சிற்றூர்க்காரர். 1904 ஆகஸ்ட் 23 தேதியிட்ட காப்புரிமை அது. அதற்கு முன்பு அந்த ஊர்ப்பக்கம் கார் வைத்திருந்தவர்கள், சேற்றிலும் பனியிலும் சக்கரம் சுழன்றுகொண்டே நின்றால் டயரில் கயிற்றைச் சுற்றுவார்களாம்; கயிறு இல்லாவிட்டால் காட்டுக்கொடி. அதைப் பார்த்துத்தான் ஹாரிக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். கயிறு கொஞ்ச தூரத்தில் தேய்ந்து அறுந்துவிடும். இரும்பு தாங்கியது. 1908-ல் வீட் செயின் கம்பெனி, கட்டவிழ்க்கும் வித்தைக்காரர் ஹூடினிக்கே சவால் விட்டது: எங்கள் சங்கிலியிலிருந்து வெளியே வா பார்க்கலாம். வந்துவிட்டார். நாடக மேடையில் வருவதில் என்ன இருக்கிறது? மைனஸ் பதினைந்தில், விரல் மரத்துப்போன பிறகு கொக்கியைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் செயின் கட்டக் கற்றுக்கொண்டது ஜோஜி லாவில். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் வழியில், சுமார் 11,500 அடி உயரத்துக் கணவாய். அந்தப் பாதையில் நம்மவர் கை பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1948-ல், பாகிஸ்தானோடு நடந்த காஷ்மீர்ப் போரின்போது, அங்கே இருந்தது கோவேறு கழுதைத் தடம்தான். அதை வண்டி ஏறும் அளவுக்கு அகலப்படுத்தியது ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ். தலைமை தாங்கியவர் மேஜர் தங்கராஜு. அந்தத் தடத்தில்தான் நவம்பர் 1-ஆம் தேதி ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறி எதிரியைத் திகைக்க வைத்தன. டாங்கி தன் செயினைத் தானே போட்டுக்கொண்டு வரும் ஜாதி. செயின் தேவைப்பட்டது பின்னால் வந்த ஜீப்புக்கும் லாரிக்கும். 1960-ல் எல்லைச் சாலை அமைப்பு வந்து ரோடு போட்டது. ரோடு வந்ததும் ராணுவ வண்டிகளின் கான்வாய் வந்தது. எண்பதுகளில் நானும் ஒரு சக்திமான் லாரியோடு போய்ச் சேர்ந்தேன்.

எனக்கு வேலை கற்றுத் தந்த உஸ்தாத் ஒரு கட்வாலிக்காரர். அதிகம் பேச மாட்டார். கணவாய்க்கு முன்னால் சோன்மார்க்கில் வண்டியை நிறுத்தி, "இங்கே கட்டு" என்பார். தரையில் பனி அங்கங்கேதான் தெரியும். "மேலே போய்க் கட்டிக்கலாமே உஸ்தாத்ஜி" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். "மேலே உன் கை உன் பேச்சைக் கேட்காது" என்றார். அது எவ்வளவு உண்மை என்று பால்தால் தாண்டியதும் தெரிந்தது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் அதலபாதாளம். நின்று மண்டியிட இடமே கிடையாது. போதாததற்கு, ஈரக்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

செயின் வைத்த சாக்கைத் திறந்தால் கழிவு ஆயில் வாடை அடிக்கும். துரு ஏறாமலிருக்க அதில்தான் முக்கி வைப்போம். செயினை உதறிச் சிக்கெடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் விரிப்போம். வண்டியை ஒரு முழம் நகர்த்தி அதன்மேல் ஏற்றுவோம். முதலில் உள்பக்கக் கொக்கி, பிறகு வெளிப்பக்கம். நூறு மீட்டர் ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்குவோம். இந்த மறுபடி இறுக்குவதைச் சோம்பலில் விட்டவர்களின் வண்டியில் செயின் தளர்ந்து மட்கார்டை அடித்துக் கிழித்திருக்கிறது. என்ஜின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ அதற்குத்தான் முதலில் கட்ட வேண்டும். டயரின் அளவும் செயினின் அளவும் ஒத்துப்போக வேண்டும். பெரிய செயினை இழுத்துக் கட்டிச் சமாளித்தால் பாதி வழியில் கழன்றுவிடும்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நவம்பர் விடியலில், டார்ச் வெளிச்சத்தில், அவசரமாகச் செயினைத் திருப்பிப் போட்டுவிட்டேன். குறுக்குச் சங்கிலிக் கொக்கிகளின் வாய் வெளியே பார்க்க வேண்டும். என்னுடையது டயரைப் பார்த்திருந்தது. கணவாய் தாண்டி கும்ரியில் இறங்கிப் பார்த்தபோது டயரின் பக்கச்சுவரில் வரிவரியாகக் கீறல். ஓரிடத்தில் நூல் தெரிந்தது. உஸ்தாத் திட்டவில்லை. என் கையைப் பிடித்து அந்தக் கீறலின்மேல் வைத்துத் தடவச் செய்தார். திட்டியிருக்கலாம்.

பனி முடிந்து கருப்பு ரோடு வந்தால் உடனே கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் படிகள் தேய்ந்து அறும். அந்த முதல் சில கஜம் வெறும் ரோட்டில் வரும் சத்தம் இருக்கிறதே, சலங்கை கட்டிய வண்டிமாடு ஊருக்குள் வருவது போலிருக்கும். கான்வாயில் எல்லா வண்டியும் ஒன்றாக ஒலித்துக்கொண்டு இறங்கும்போது எனக்கு ஊர் ஞாபகம் வரும்.

இப்போது ஜோஜி லாவுக்கு அடியில் சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கப்பாதை குடைகிறார்கள். அது திறந்தால் அந்தக் கணவாய்க்குச் செயின் அநேகமாக வேண்டியிருக்காது. ஆனால் சுற்றுலாத் தலமான குல்மார்க்குக்கு வேண்டும். ஜனவரியில் சுற்றுலா போகிறவர்களை அடிவாரத்தில் தங்மார்க்கிலேயே நிறுத்தி, செயின் இருந்தால்தான் மேலே விடுவார்கள். வாடகைக்குச் செயின் கட்டிவிட அங்கே ஆட்கள் உண்டு. அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். பனியில் மண்டியிட்டுச் செய்கிற வேலை அது. கொக்கியின் வாய் வெளிப்பக்கம் பார்த்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு ஏறுங்கள்.