கிழமைக் கணிப்பும் சமூக வரலாறும்

யாதேனும் ஒரு திகதியைக் கூறினால், நாட்காட்டியைப் புரட்டாது அதன் கிழமையை மனத்தாற் கணித்துரைப்போர் உளர். இவ்வாற்றல் பொதுவாக ஒரு வித்தையாகவே வியக்கப்படுகின்றது. ஆயின் வரலாற்று மாணவருக்கு அது பயனுள்ள கருவியாகும். அக்கருவி எத்தகைய அடித்தளத்தின் மேல் நிற்கின்றது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

மத்தியகால ஐரோப்பாவில் இத்தகைய கணிப்பு பெரிதும் குருமாரின் உடைமையாக இருந்தது. உயிர்த்த ஞாயிறு விழாவைத் தீர்மானித்தற்கு வேண்டிய காலவட்டங்களை விரற்கணுக்களில் எண்ணும் முறையை, பீட் என்னும் ஆங்கிலத் துறவி 725 இல் எழுதிய நூலில் விளக்கினார். அச்சும் பொதுக்கல்வியும் பரவிய பின்னரே இவ்வறிவு பரந்த வாசகரை அடைந்தது. 1887 இல் லூயிஸ் கரோல் 'நேச்சர்' இதழில் மனக்கணிப்பு முறையொன்றை வெளியிட்டார். அதிலிருந்து தூண்டுதல் பெற்று, 1973 இல் ஜோன் கொன்வே என்னும் கணிதவியலாளர் மேலும் எளியதொரு முறையை வகுத்தார்.

கொன்வேயின் முறைப்படி, எவ்வாண்டிலும் ஏப்ரல் 4, யூன் 6, ஓகஸ்ட் 8, ஒக்டோபர் 10, டிசெம்பர் 12 ஆகியன ஒரே கிழமையில் வரும். அக்கிழமையை அறிய, 1900 முதல் 1999 வரையான ஆண்டுகளில், இறுதி இரு இலக்கங்களை 12 ஆல் வகுத்து, ஈவு, மீதி, மீதியின் நான்கிலொன்று (பின்னம் நீக்கி) ஆகிய மூன்றையுங் கூட்டி, புதனிலிருந்து அத்தனை நாள் முன்செல்லல் வேண்டும். இலங்கையில் ஹர்த்தால் நிகழ்ந்த 1953 ஓகஸ்ட் 12 ஐ எடுத்துக்கொள்வோம். 53 ஐ வகுக்க ஈவு 4, மீதி 5, அதன் நான்கிலொன்று 1, கூட்டுத்தொகை 10. ஏழைக் கழிக்க 3. புதனிலிருந்து மூன்று நாள் செல்லின் சனி. ஓகஸ்ட் 8 சனியெனின் 12 புதனாகும். அதாவது, அது வேலைநாள். ஓய்வுநாளிற் கூடிய கூட்டமன்று, உழைப்பையே நிறுத்திய எதிர்ப்பு என்பது கிழமையாலும் உறுதிப்படுகின்றது.

ஏழுநாட் சுழற்சி இடையறாது தொடர்வதாலேயே இக்கணிப்பு சாத்தியமாகின்றது. 1582 இல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாள்களை நீக்கியபோது, ஒக்டோபர் 4 வியாழனை அடுத்து ஒக்டோபர் 15 வெள்ளி வந்தது. 1918 இல் ருஷ்யாவில் சனவரி 31 புதனை அடுத்துப் பெப்ரவரி 14 வியாழன் வந்தது. எண்கள் மாறின; கிழமை வரிசை மாறவில்லை. ஆண்டும் மாதமும் நாளும் வானியக்கத்தைச் சார்ந்து எழுந்த அளவுகள். கிழமை வட்டத்துக்கு அத்தகைய இயற்கை அடிப்படை இல்லை. அது சமூகத்தின் படைப்பு.

சமூகப் படைப்பாதலின் அதனை ஆணையால் மாற்றலாமென அரசுகள் கருதின. பிரான்சியப் புரட்சியரசு 1793 இல் பத்துநாள் வட்டத்தைப் புகுத்தியது. ஏழு நாளுக்கொன்றாயிருந்த ஓய்வு பத்து நாளுக்கொன்றாகச் சுருங்கியது. 1806 தொடக்கத்தில் அந்நாட்காட்டியே கைவிடப்பட்டது. சோவியத் ஒன்றியத்தில் 1929 இல் ஐந்துநாள் வட்டமும் 1931 இல் ஆறுநாள் வட்டமும் வந்து, 1940 இல் ஏழுநாள் மீண்டது. ஐந்துநாள் வட்டத்தில் தொழிலாளருக்கு வெவ்வேறு ஓய்வுநாள்கள் வகுக்கப்பட்டமையால், ஒரே குடும்பத்தினரும் ஒருங்கே ஓய்ந்திருத்தல் அரிதாயிற்று. இயந்திரத்தின் ஓயா இயக்கத்துக்காக மனித உறவு பின்தள்ளப்பட்டமையை மார்க்சிய ஆய்வாளர் மறைத்தல் ஆகாது. இலங்கையிலும் 1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாள்கள் விடுமுறையாயின. கிழமை வரிசையோ குலையவில்லை.

இவ்வுண்மை இலக்கிய ஆய்வுக்கும் பொருந்தும். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுரை எரியுண்ணும் நாளுக்குத் திங்கள், திதி ஆகியவற்றோடு கிழமையும் கூறப்படுகின்றது. இவற்றைக் கணித்து எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை கி.பி. 756 என்ற ஆண்டைப் பெற்றார். இத்தகைய பொருத்தம் பல ஆண்டுகளில் நிகழக்கூடுமாதலின் கணிப்பு ஒன்றே காலத்தை நிறுவாது. ஆயின், கிழமை குறிக்கும் மிகப் பழைய இந்தியக் கல்வெட்டுகளுள் ஒன்றான ஏரண் தூண் கல்வெட்டு கி.பி. 484 ஐச் சேர்ந்தது. ஆகவே காப்பியத்தை இரண்டாம் நூற்றாண்டினதாகக் கொள்வோர், கிழமை வழக்கு அக்காலத் தமிழர் வாழ்வில் வேரூன்றியிருந்தமைக்குச் சான்று காட்டுதல் வேண்டும். எக்கிழமை என்று கணிக்குமுன், கிழமை எச்சமூகத்தில் எப்போது வழக்காயிற்று என்று வினவுவதே வரலாற்று நோக்காகும்.