மிசிசிப்பிக் கரையில் கண்ணீர்த் தடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிசூரி மாநிலத்தின் தென்கிழக்கே, கேப் ஜிரார்டோ என்னும் நகருக்குச் சற்று வடக்கில், மிசிசிப்பிப் பேராற்றின் மேற்குக் கரை செங்குத்தாக உயர்ந்து நிற்கிறது. சுண்ணாம்புப் பாறையாலான அக்கரைமேடுகளின்மீது அடர்ந்த காடு கவிந்துள்ளது. 3,400 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலப்பரப்பு 1957ஆம் ஆண்டு முதல் மாநிலப் பூங்காவாகக் காக்கப்பட்டு வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கவும் கூடாரமிட்டுத் தங்கவும் மக்கள் அங்கு வருகின்றனர். குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகளைக் காண்பதற்கென்றே வருவோரும் உண்டு. மேட்டின் விளிம்பில் நின்று நோக்கினால், கீழே அகன்று வளையும் ஆறும், கரையோரமாகச் செல்லும் இருப்புப்பாதையும், அக்கரையில் இல்லினாய் மாநிலத்தின் தாழ்ந்த சமவெளியும் தெரியும். கண்ணுக்கினிய காட்சிதான். ஆனால் பூங்காவின் பெயரோ 'கண்ணீர்த் தடம்'.

1838ஆம் ஆண்டின் இறுதியிலும் 1839ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அந்த அக்கரையில் ஆயிரக்கணக்கான செரோக்கி மக்கள் ஆற்றைக் கடக்க வழியின்றிக் காத்துக் கிடந்தனர். தம் தாய்நிலத்தினின்று அவர்களை வெளியேற்றியவர்கள் போர்க்களத்தில் வென்ற பகைவர் அல்லர். சட்டத்தையும் உடன்படிக்கையையும் கையில் ஏந்திய ஓர் அரசே.

'காட்டில் திரிந்த பழங்குடியினரை நாகரிகம் துரத்திற்று' என்பது பலரும் மேலோட்டமாகக் கொண்டுள்ள கருத்து. செரோக்கியர் வரலாறு இதனைப் பொய்யாக்குகிறது. அவர்கள் உழுது பயிரிட்டவர்கள், பள்ளி நடத்தியவர்கள், 1827இல் எழுத்துவடிவில் அரசியலமைப்பை இயற்றிக் கொண்டவர்கள். ஆங்கிலம் படிக்க அறியாத செக்கோயா என்பவர் பல்லாண்டு முயன்று, 1821ஆம் ஆண்டளவில் தம் தாய்மொழிக்கு எழுத்து வகுத்தார். அது அசையெழுத்து, நம் உயிர்மெய்யைப்போல ஓர் ஒலிக்கூட்டத்திற்கு ஓர் எழுத்து. ஆனால் நம் உயிர்மெய்களில் காணும் வடிவத் தொடர்பு அதில் இல்லை. 'க'வுக்கும் 'கி'க்கும் உறவே தோன்றாதவாறு ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். ஏறத்தாழ 85 எழுத்துகள்தாம். சில ஆண்டுகளிலேயே அம்மக்களுள் பெருந்தொகையினர் தம் மொழியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டனர். 1828 பிப்ரவரியில், நியூ எக்கோட்டா என்னும் தலைநகரில் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற இதழ் இருமொழியிலும் வெளிவந்தது. எழுத்துண்டு, சட்டமுண்டு, இதழுண்டு. இவற்றுள் ஒன்றேனும் அவர்களைக் காத்ததா?

காக்கவில்லை. அவர்கள் நிலத்தின்மீது ஜார்ஜியா மாநிலம் கண்வைத்தது. அங்குப் பொன் கிடைத்தது அந்த வேட்கையை மேலும் மூட்டிற்று. 1830இல் குடியரசுத் தலைவர் ஆன்ட்ரு ஜாக்சன் பழங்குடியினர் அகற்றுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். கீழவையில் அச்சட்டத்திற்கு ஆதரவு 102, எதிர்ப்பு 97. எதிர்த்து நின்ற அந்த 97 பேரையும் வரலாறு எழுதுவோர் மறத்தல் ஆகாது. 1832இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், ஜார்ஜியாவின் சட்டங்கள் செரோக்கி நிலத்தில் செல்லா எனத் தீர்ப்பளித்தார். தீர்ப்பு ஏட்டளவில் நின்றது.

பிறகு நேர்ந்தது இன்னும் கசப்பானது. 1835 டிசம்பரில் ஒரு சிறு குழுவினர், தலைவர் ஜான் ராசின் இசைவின்றி, நிலம் முழுவதையும் விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். ஒப்பமிட்டோருள் ஒருவர் எலியாஸ் பௌடினாட். ஃபீனிக்ஸ் இதழின் முதல் ஆசிரியர் அவரே! இனி எதிர்ப்பது பயனற்றது என்று அவர் எண்ணினார். அவரைக் கயவர் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் மக்கள் தராத உரிமையை அவர் தாமே எடுத்துக்கொண்டார் என்பதை மறுக்கவும் இயலவில்லை. 1839 ஜூனில் தம் இனத்தவராலேயே அவர் கொல்லப்பட்டார்.

1838 மே மாதத்தில் படைவீரர்கள் வீடு வீடாகச் சென்று மக்களைத் திரட்டி முகாம்களில் அடைத்தனர். அவ்வாண்டின் இறுதி மாதங்களில் பதின்மூன்று குழுக்கள் மேற்கே புறப்பட்டன. ஏறத்தாழ 800 மைல் வழி. செல்வர் சிலர் வண்டியேறினர், பெரும்பாலோர் நடந்தனர். செரோக்கியருள் வசதி படைத்தோர் அடிமையாக வைத்திருந்த கறுப்பினத்தாரும் உடன் நடந்தனர். துன்புற்றவர்களே பிறரைத் துன்புறுத்தியும் வந்தனர் என்ற இவ்வுண்மையைப் பல நூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன.

மிசிசிப்பியில் அப்போது பனிப்பாளங்கள் மிதந்து வந்தன. ஆறு முற்றிலும் உறைந்திருப்பின் நடந்தே கடந்திருக்கலாம். உறையாதிருப்பின் படகிலே கடந்திருக்கலாம். இரண்டுக்கும் இடமின்றிப் பாளங்கள் மோதிச் சுழன்றன. முன்னே சென்றோர் கரையில் தடைபட்டு நிற்க, பின்னே வந்தோர் இல்லினாயின் காடுகளில் வாரக்கணக்கில் கூடாரங்களில் குளிரில் நடுங்கினர். முதியோரும் குழந்தைகளும் மாண்டனர். முகாம்களிலும் வழியிலுமாக இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என்பது பலரும் குறிக்கும் மதிப்பீடு. பதின்மூன்று குழுக்களில் ஒன்பது, இன்று பூங்காவாக விளங்கும் இந்நிலத்தில்தான் கரையேறின.

பூங்காவில் ஒரு நினைவிடம் உண்டு. 'இளவரசி ஒட்டாக்கி' அங்கே உறங்குகிறாள் என்று நெடுங்காலம் வட்டார மக்கள் சொல்லி வந்தனர். ஆனால் செரோக்கியரிடம் அரசரும் இல்லை, இளவரசியரும் இல்லை. குழுவொன்றின் தலைவராக வந்த கிறித்துவப் போதகர் ஜெசி புஷிஹெட்டின் தமக்கையோ தங்கையோ ஆன நான்சி என்னும் பெண்ணே அந்தக் கதைக்கு மூலம் என்பர். இப்போது அது புஷிஹெட் நினைவிடம் என்றே வழங்குகிறது. இரக்கம் பிறக்க ஓர் இளவரசி தேவைப்பட்டாள் போலும்! குடும்பத்தோடு நடந்து வந்து மாண்ட ஒரு சாதாரணப் பெண் போதவில்லை.

புஷிஹெட்டின் குழுவைப் பனி ஏறத்தாழ ஒரு மாதம் மறித்தது. ஆற்றைக் கடந்தபின், 1839 சனவரித் தொடக்கத்தில், அவருக்கு ஒரு பெண்மகவு பிறந்தது. எலைசா மிசூரி என்று பெயரிட்டனர். பிப்ரவரியில் அக்குழு மேற்கிலுள்ள புதிய நிலத்தை அடைந்தது. 1844இல் அங்கு டாலெக்வா நகரில் செக்கோயாவின் எழுத்தில் மீண்டும் ஓர் இதழ் அச்சாயிற்று. அவ்வெழுத்து வழங்கிய நாட்டில் வளர்ந்த எலைசா, செரோக்கிப் பெண்கள் கல்விக்கூடத்தில் பயின்று, பள்ளியாசிரியையாகி, முதுமையில் டாலெக்வாவில் ஒரு தங்கும் விடுதியை நடத்தி, 1919 வரை வாழ்ந்தார்.