கொட்டிலில் நின்ற கார் ‘மிஸ்’ அடித்தால்

பழைய காரை விற்கப் போகும் வீடுகளில் அநேகமாக ஒரே காரணம்தான் சொல்கிறார்கள்: எஞ்சின் போய்விட்டது. யாழ்ப்பாணத்தின் பழைய கார்களைப் பற்றி எழுதுவதற்காகச் சில மாதங்கள் கராஜ்களில் நின்றவள் நான். ‘எஞ்சின் போய்விட்டது’ என்று வந்த வண்டிகள் பலவற்றில் போயிருந்தது எஞ்சின் அல்ல. ஒரு கொண்டென்சர், ஒரு பிளக் வயர், அல்லது ஒட்டிப்போன ஒரு வால்வு. பேரீச்சம்பழத்துக்குப் போட்டதுபோல் ஒரு விலைக்கு அந்தக் கார் கைமாறியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இழப்பு காசு மட்டுமல்ல.

குடாநாட்டு வீடுகளில் இன்றும் காணக்கூடியவை ஒஸ்ரின் ஏ40 சோமசெற் (1952–1954), மொறிஸ் மைனர் (1948–1971), ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியவை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிப் பெற்றோல் வரத்து நின்றபோது எங்கள் வீதிகளில் ஓடியவையும் இவைதான். கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது வெறும் கெட்டித்தனம் அல்ல. இந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7:1 அளவில் குறைவாக இருந்ததால்தான் அவை மண்ணெண்ணெயைத் தாங்கின. ஆனால் முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவும், கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், வால்விலும் பிளக்கிலும் கரி பிடிக்க வைக்கும்.

அதனால் நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரு வரலாற்றுக் கேள்வி: இந்தக் கார் எப்போது நின்றது, கடைசியாக எதில் ஓடியது? 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வோடு நின்றதா, வீட்டுக்காரர் வெளிநாடு போனபோது நின்றதா, 2022இல் பெற்றோல் வரிசையில் வெறுத்துப்போய் நிறுத்தப்பட்டதா? மண்ணெண்ணெயில் ஓடி நின்ற எஞ்சினையும் பெற்றோலில் ஓடி நின்ற எஞ்சினையும் ஒரே மாதிரிப் பார்க்க முடியாது.

சாவியைத் திருப்ப அவசரப்படாதீர்கள். தாங்கியில் மிஞ்சியிருக்கும் பழைய எரிபொருளை முழுவதும் வடியுங்கள், ஒயிலை மாற்றுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, முன்னால் ஹாண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பலம் பிடிக்க வேண்டாம். துருப்பிடித்த பிஸ்ரன் ரிங்கை உடைப்பது அந்தப் பலம்தான்.

இனி ஓடுகிறது, ஆனால் மிஸ் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள். ஒழுங்கான தாளத்தில் ஒரே இடத்தில் விழுந்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் வேலை செய்யவில்லை; ‘மூன்றில் ஓடுது’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஒழுங்கில்லாமல் அங்கும் இங்கும் விழுந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றில் பிழை: பொயின்ற், கொண்டென்சர், கொயில், அல்லது எரிபொருள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு சிலிண்டர்தான் என்றால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது இறப்பர் கைபிடியுள்ள குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். மிஸ் பிளக்கோடு போனால் பிளக் பிழை. போகாவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள். எலி கடித்த வயர் எங்கள் கொட்டில்களில் சாதாரணம். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, டிஸ்ரிபியூற்றர் மூடியைப் பாருங்கள். மாரிக் காற்றின் ஈரமும் கடல் உப்பும் படிந்த மூடியில் நீல நிறத்தில் மின்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். அருகில் பெற்றோல் போத்தல் திறந்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்கிறேன்.

யாராவது வயர்களை முன்னரே கழற்றி மாட்டியிருந்தால் வரிசையையும் சரிபாருங்கள். மைனரின் எஞ்சினுக்கு 1-3-4-2. ரோட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில். அதை மறந்து வலப்பக்கமாக வரிசைப்படுத்தியவர்கள் உண்டு.

பொதுவான மிஸ் என்றால் பொயின்றிலிருந்து தொடங்குங்கள். வருடக்கணக்கில் நின்ற காரில் பொயின்ற் முகத்தில் மெல்லிய ஒக்சைட் படலம் பிடித்திருக்கும். மெல்லிய அரம் போட்டுத் துடைத்து, இடைவெளியை 0.015 அங்குல அளவில் வையுங்கள். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். பொயின்ற் திறக்கும்போது பெரிய பொறி பறந்தால் கொண்டென்சரைச் சந்தேகியுங்கள். குளிரில் நன்றாக ஓடி, சூடான பின் மிஸ் அடித்து, ஆறியதும் திரும்பச் சரியாகும் வண்டியிலும் குற்றவாளி அநேகமாகக் கொண்டென்சர் அல்லது கொயில். இந்த இடத்தில் பலர் காபரேற்றரைக் கழற்றத் தொடங்குகிறார்கள். என் அபிப்பிராயத்தில் பழைய கார்களில் வீணாகும் காசில் பெரும்பங்கு இங்கேதான்.

இன்னொன்று. இந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். இந்தக் காலப் பழக்கத்தில் யாராவது அதை மாற்றியிருந்தால், கொயிலின் இரண்டு சிறிய வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பொறி வரும், ஆனால் பலவீனமாக வரும். சுமையில் மிஸ் அடிக்கும்.

மின்சாரப் பக்கம் சரி என்று உறுதியானபின் சோக்கை இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் எஞ்சின் திருந்தினால் கலவையில் பெற்றோல் போதவில்லை: அடைத்த ஜெற், தாங்கியின் துரு, அல்லது மனிபோல்ட் பொருத்தில் காற்று உள்ளே போகும் வெடிப்பு. பெற்றோல் குழாயிலோ காற்றுத் துளையிலோ குளவி மண் கூடு கட்டியிருப்பதும் எங்கள் பக்கத்தில் புதுமையல்ல.

இவை எல்லாம் முடிந்தும் ஒரு சிலிண்டர் செத்தே கிடந்தால்தான் கொம்பிரஷன் கேஜ். அளவு குறைவாக இருந்தால், பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கள். ஏறினால் ரிங் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும், குறிப்பாக 2ம் 3ம், சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் காஸ்கெற். ஆனால் நீண்டகாலம் நின்ற எஞ்சினில் வால்வு மூடாமைக்குத் துருவும் பிசினும் போதும். ரொக்கர் மூடியைத் திறந்து, வால்வுத் தண்டுகளில் ஒயில் விட்டு, பல நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிட்டபின் அளவு ஏறிவந்த சோமசெற் ஒன்றை நானே பார்த்தேன். முதல் நாள் அளவை வைத்து எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம், இரண்டாவது அளவு எப்போது என்று கேளுங்கள்.

எஞ்சின் நான்கிலும் ஓடத் தொடங்கிய மகிழ்ச்சியில் உடனே வீதிக்கு இறக்க வேண்டாம். நின்ற காலம் முழுவதும் பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சக்கரச் சிலிண்டர்கள் துருப்பிடித்திருக்கும், இறப்பர் குழாய்கள் வெடித்திருக்கும். அவற்றை மாற்றிய பின்னர்தான் கேற்றைத் திறக்கலாம்.