எவர் தோலில் சோதிப்பது?

மருந்தின் இயல்பை அறிய வேண்டுமாயின் அதனை மனித உடலிலேயே சோதித்தல் வேண்டும். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட விளைவு மனிதரிடம் மாறுபடக்கூடும் எனத் தமது ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலில் இப்னு சீனா விதி வகுத்தார். அது எந்த மனிதரின் உடல் என்னும் வினாவை அவ்விதி தொடவில்லை. தோலில் பூசும் பொருள்களைச் சோதித்த வரலாற்றை வாசிக்கும்போது அவ்வினாவே நம் முன் வந்து நிற்கிறது.

ஒட்டுச் சோதனையை 1895-இல் கிராட்ஸ் நகரில் கூடிய தோல்நோய் மருத்துவர் மாநாட்டில் அறிமுகப்படுத்தியவர் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தின் யோசெப் யாடாசோன். பாதரச மருந்தால் சிலருக்குத் தோல் சிவந்து தடிப்பதைக் கண்ட அவர், அதனைத் தோலின் சிறு பகுதியில் வைத்து அதே தடிப்பை மீண்டும் தோற்றுவித்துக் காரணத்தை நிறுவினார். ஐயத்திற்குரிய பொருளை முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்திற்குப் பின் அகற்றிப் பார்த்து, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பது இன்றைய வழக்கம். அந்த இரண்டாம் பார்வை இன்றியமையாதது. காரப் பொருள் தோலை நேரே தாக்குவதால் வரும் எரிச்சல், பட்டையை எடுத்தபின் பெரும்பாலும் தணியத் தொடங்கும். ஒவ்வாமையோ உடலின் தற்காப்பு அணுக்கள் மெல்லத் திரள்வதால் நாள் செல்லச் செல்ல வலுக்கும். முன்னது போதிய செறிவில் எவருக்கும் வரலாம். பின்னது அப்பொருளை முன்னரே பகையெனக் கண்டுகொண்ட உடலுக்கு மட்டுமே வரும்.

நோயாளியின் நலனுக்கெனப் பிறந்த இம்முறை, பின்னர் நோயற்றோர் மீது புதுப் பொருள்களைச் சோதிக்கும் வணிகக் கருவியாகவும் ஆயிற்று. 1944-இல் அமெரிக்காவின் ஜான் டிரைஸும் அவர்தம் துணைவரும் முயல்களின் மீது எரிச்சலை அளந்து மதிப்பெண் இடும் முறையை வெளியிட்டனர். எனினும் முயலின் தோல் மனிதத் தோலன்று; நிறுவனங்கள் மனித முதுகுகளைத் தேடின.

அவை ஃபிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கிடைத்தன. கைதிகளிடையே பரவிய பாதப் படையைக் காண 1951-இல் அங்கு அழைக்கப்பட்டவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மேன். அவர் தொடங்கிய சோதனைகள் 1974 வரை நீடித்தன. ஷாம்பூ, களிம்பு, வியர்வை நாற்றம் நீக்கிகள் எனப் பலவும் கைதிகளின் முதுகில் ஒட்டப்பட்டன. 1960-களின் நடுவில் டவ் கெமிக்கல் நிறுவனத்திற்காக நச்சுப் பொருளாகிய டையாக்சினும் சுமார் 70 பேரின் தோலில் இடப்பட்டது. 1971-இல் ஃபிலடெல்பியாச் சிறைகளில் எழுத்தறிவு கற்பிக்கச் சென்ற ஆலன் ஹார்ன்பிளம், கட்டுகளோடும் ஒட்டுகளோடும் திரிந்த கைதிகளைக் கண்டு திகைத்தார். 1998-இல் அவ்வரலாற்றை நூலாக்கினார்.

பணம் பெற்றுச் சம்மதித்தவர்கள்தாமே என்பார் உண்டு. அச்சம்மதத்தின் எடையைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். அங்கிருந்தோரில் பலர் தண்டனை பெறாதவர்கள். ஜாமீனுக்குப் பணமின்றி விசாரணைக்குக் காத்திருந்த ஏழைகள். பெரும்பாலோர் கறுப்பினத்தார். சிறைவேலை தரும் கூலியைவிடச் சோதனை தந்த பணம் பன்மடங்கு. அதைக் கொண்டே ஜாமீன் கட்டியோரும் உளர். ஒட்டப்படுவது யாதென்பதோ பலருக்குச் சொல்லப்படவேயில்லை. மனிதச் சோதனைக்குத் தன்விருப்பான சம்மதம் இன்றியமையாதது என்னும் நியூரம்பர்க் நெறி 1947-இலேயே, அதுவும் அமெரிக்க நீதிபதிகளாலேயே வகுக்கப்பட்டிருந்தது என்பதையும் இங்கு மறத்தலாகாது.

2000-இல் ஏறத்தாழ 300 முன்னாள் கைதிகள் வழக்குத் தொடுத்தனர். காலவரம்பு கடந்துவிட்டதெனக் கூறி அது தள்ளுபடியாயிற்று. கிளிக்மேன் 2010-இல் மறைந்தார். பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021-இலும், ஃபிலடெல்பியா நகரம் 2022-இலும் மன்னிப்புக் கோரின. அதற்குள் அம்முதுகுகளுக்கு உரியோரில் பலர் மண்ணுக்குள் சென்றிருந்தனர்.